சுவரைப் பார்த்த மண்டையோடு

7

கீழே இருந்த சலவைக் கடையிலிருந்து நீராவி ஏறி ஏறி, அந்த அலுவலகத்தின் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் கண் சொக்கும். துப்பறிகிற ஆபீசுக்கு இதைவிட மோசமான இடம் தேடினாலும் கிடைக்காது என்பான் வாலு. அவன் அண்ணன் பார்த்துப் பிடித்த இடம் அது. அண்ணன் விபத்தில் போய் ஆறு மாதமாகிறது. அவனுடைய கோட்டு மட்டும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனின் நாற்காலியில் இப்போது அண்ணி. வாலு வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடப் போய், தேடி வருகிறவர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். போலீஸ் இன்ஸ்பெக்டர்கூட போனில் "அண்ணி இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம், என்ன கெட்டுப்போகிறது!

இந்த ஆறு மாதத்தில் அண்ணி ஒரு நாளும் அழவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய கன்னம் மாதிரி உள்ளுக்குள் எல்லாமே மரத்துக் கிடந்தது. சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது, எதுவும் எங்கேயும் பட்டதாகத் தெரியவில்லை. ஊசி மூளைக்கு மட்டும் போடவில்லை போலிருக்கிறது, வேலை ஒழுங்காக நடந்தது.

அன்று காலை வந்து உட்கார்ந்தவள் ஒரு கணக்கு டீச்சர். புடவை மடிப்பு கலையவில்லை. குரல் வருகைப் பதிவு எடுப்பதுபோல் ஒரே சீராக இருந்தது.

"என் வீட்டுக்காரர் மரபணு ஆராய்ச்சி பண்றவர். பண்ணினவர்," என்று திருத்திக்கொண்டாள். "காட்டுமாடுகள்ல எது எதுக்குச் சொந்தம்னு ரத்தத்தை வெச்சுக் கண்டுபிடிக்கறது அவர் வேலை. போன வாரம் பட்டிக்குள்ள ஒரு காளை அவரைக் குத்திடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டார்."

வாலு பேனாவை மூடி வைத்தான். 

"பேப்பர்ல பார்த்தேன். சாம்பல் காட்டுமாடு," என்றாள் அண்ணி.

"அதுதான் இல்லைங்கறாங்களே! அந்தப் பட்டியில இருக்கறது ஒன்பது மாடு. காட்டுலேருந்து பிடிச்ச சாம்பல் காட்டுமாடு, உலகத்துல மிச்சம் அவ்வளவுதான்னு என் வீட்டுக்காரர் அடிச்சுச் சொன்னார். அவர் போனதும் அவர்கூட வேலை செஞ்ச பொண்ணு சோதனையை முடிச்சு அறிக்கை குடுத்துட்டா. மியூசியத்துல ஒரு பழைய மண்டையோடு இருக்கு. அதோட இந்த மாடுங்க சேரவே இல்லையாம். காட்டுமாடு இல்ல, ஏதோ பண்ணை மாட்டுக் கலப்பாம். கலப்புன்னா பாதுகாப்பு கிடையாது. ஆளைக் கொன்ன காளை வேற. சாயங்காலம் லாரி வருது, ஒன்பதையும் வெட்டறதுக்கு ஏத்திட்டுப் போயிடுவாங்க."

"நீங்க மாட்டைக் காப்பாத்தணுங்கறீங்களா?"

டீச்சர் முதல் தடவையாகக் கொஞ்சம் யோசித்தாள்.

"மாடு எக்கேடோ கெடட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இருபது வருஷம் அதுங்களுக்குப் பின்னாடியே சுத்தினார். பிள்ளை பிறந்த அன்னைக்குக்கூட காட்டுல இருந்தார். கடைசியில அவர் செத்தது ஒரு பண்ணை மாட்டுக்காகவா? அப்படின்னா அப்படின்னு சொல்லிடுங்க. தாங்கிப்பேன். தெரியாம இருக்கறதுதான் முடியல."

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் கவிழ்த்தாள். கைக்கடிகாரம், உடைந்த மூக்குக் கண்ணாடி, பேனா. அதோடு கயிறு ஒன்று. விரல் கனத்துக்கு இருந்த கயிற்றை வளையமாக வளைத்து இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. கை நுழைகிற அளவு.

"சட்டைப் பாக்கெட்ல இருந்துது. எதுக்குன்னு எனக்குத் தெரியல. அந்தப் பொண்ணுக்கும் தெரியல."

வாலு அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "யானைக்கு மோதிரம் வாங்க அளவெடுத்த மாதிரி இருக்கே."

அண்ணி முறைத்தாள். வாலு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"திட்டாதீங்க," என்றாள் டீச்சர். "ஒரு வாரமா எங்கிட்ட யாருமே சாதாரணமாப் பேசல."

அண்ணி வளையத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். மாட்டு வாசனை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வளையத்தின் வெளிப்பக்கம் சொரசொரப்பு. உட்பக்கம் மட்டும் வழவழவென்று, மஞ்சளாக எதையோ அப்பிக்கொண்டிருந்தது.

"வாலு, இதை மோந்து பாரு."

"பழைய நாற்காலி," என்றான் அவன் உடனே. "இல்லாட்டி எங்க ஸ்கூல் பெஞ்ச். என்னை அது மேல ஏத்தித்தானே நிக்க வெப்பாங்க, நல்லா ஞாபகம் இருக்கு."

"மாட்டுக்கு வார்னிஷ் அடிக்க மாட்டாங்க," என்றாள் அண்ணி. "கிளம்பு."

டீச்சர் எழுந்தாள். கதவருகே போனவள் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். "நான் பட்டி வாசல்ல இருப்பேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வாலுவின் காரில் டிரைவர் பக்கத்துக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். ஒவ்வொரு இடத்திலும் அண்ணி இறங்கிச் சுற்றி வந்து அவனுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். "முதலாளியம்மாவே எனக்குக் கதவு திறந்துவிடறாங்க, எவனுக்குக் கிடைக்கும் இந்த யோகம்?" என்று இறங்கினான்.

ஆய்வகம் ஒரு நீளமான அறை. சுவரோரம் முழுக்கக் குளிர்ப்பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. சின்னச் சின்னக் குப்பிகள் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவில், டீச்சரின் வீட்டுக்காரரான டாக்டரோடு வேலை செய்த பெண் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டில் பேனா மைக் கறை, கண்ணுக்குக் கீழே கருவளையம். டாக்டரின் நாற்காலியைத் தொடாமல் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் எழுதல," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "சார் விட்டுட்டுப் போன வேலையை முடிச்சேன். எனக்கு மட்டும் அப்படி எழுத ஆசையா?"

"யாரும் பொய்னு சொல்லலையே. எப்படிச் சோதிக்கறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"மாட்டுக்கும் நமக்கும் ஒரே கணக்குதான். உடம்புல ஒரு பகுதி அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும். அம்மாவுக்கு அவங்க அம்மா, அவங்களுக்கு அவங்க அம்மா, அப்படியே போகும். இன்னொரு பகுதி அப்பாகிட்டேருந்து மகனுக்கு மட்டும். காளைக்குக் காளை. ரெண்டையும் படிச்சா யார் எந்தக் குடும்பம்னு சொல்லிடலாம்."

"எங்கம்மா மிஷினே இல்லாம சொல்லுவாங்க," என்றான் வாலு. "நல்ல குணம் எது இருந்தாலும் அவங்க வழி. கோணல் புத்தி எல்லாம் எங்கப்பா வழி."

அந்தப் பெண்ணின் உதடு சிரிக்கப் போய் பாதியில் நின்றது. கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். கிளை கிளையாகப் பிரிந்த கோடுகள். "இது பண்ணை மாடுங்க. இது செங்காட்டுமாடு, அது வேற இனம். இதோ இதுதான் மியூசியத்து மண்டையோடு, சாம்பல் காட்டுமாடு. பாருங்க, பண்ணை மாட்டுக்கு ஒட்டின மாதிரி பக்கத்துலயே உக்காந்திருக்கு. அதனால சாம்பல் மாடும் பண்ணை மாடும் நெருங்கின பங்காளிங்கன்னு ரொம்ப நாளா எல்லாரும் நம்பறாங்க. நம்ம பட்டி மாடுங்க மட்டும் இங்க, தள்ளி எங்கயோ நிக்குது. மண்டையோட்டோட சேரல. அதனால சாம்பல் மாடு இல்ல."

"அப்ப அதுங்க என்ன?"

"என்னதுன்னா?"

"சாம்பல் மாடு இல்லேன்னு சொல்லிட்டீங்க. சரி. அப்ப என்ன மாடு?"

 "தீர்மானிக்க இயலாதுன்னு போட்டேன். தாறுமாறாக் கலந்தா எதோடவும் ஒட்டாமத் தெரியும்னு நினைச்சேன். எங்கிட்ட கேட்ட கேள்வி மண்டையோட்டோட சேருதா இல்லையாங்கறதுதான். எங்க தொழில்ல அதுதான் முறை. ஒரு இனத்துக்கு எதை வெச்சு முதல்ல பேர் வெச்சாங்களோ, கடைசி வரைக்கும் அதுதான் அளவுகோல். அளவுகோலை யாரும் அளந்து பார்க்க மாட்டாங்க."

அண்ணி கைப்பையிலிருந்து கயிற்று வளையத்தை எடுத்தாள். "இதுல வார்னிஷ் ஒட்டியிருக்கு. இந்த அறையில வார்னிஷ் அடிச்ச சாமான் ஏதாவது உண்டா?"

"இங்க எல்லாமே பிளாஸ்டிக்." அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "மண்டையோடு! அதுக்கு யாரோ வார்னிஷ் அடிச்சு வெச்சிருந்தாங்க. கொம்பு உள்பட. அதுலேருந்து எலும்புப் பொடி எடுக்கறதுக்குள்ள உயிர் போச்சுன்னு சார் புலம்பினார்."

"நீங்க மண்டையோட்டைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. சார்தான் போவார். எனக்கு வந்தது ஒரு குப்பியில கொஞ்சம் பொடி."

அண்ணி எழுந்தாள். குளிர்ப்பெட்டிகளின் உறுமல் காதுக்குள் இதமாக இருந்தது. எதுவும் கேட்காமல் எதுவும் நினைக்காமல் இங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல் ஒரு கணம் தோன்றியது. வாலு அவள் முழங்கையைத் தொட்டான், நடந்தாள்.

மியூசியத்து நுழைவுச் சீட்டிலேயே அந்த மண்டையோட்டின் படம்தான். இரண்டு பெரிய கொம்பும் விரித்து, நேராக நம்மை முறைத்துப் பார்க்கிற மாதிரி அச்சடித்திருந்தார்கள். ஊருக்கே பெருமை அது. வாலு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கடைசிக் கூடத்துக்குப் போனான். போனவன் கண்ணாடிப் பெட்டிமுன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணி, ஐயா நம்மமேல கோபமா இருக்கார் போல."

கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்குத் தெரிவது பிடரி எலும்பும் கொம்பின் பின்பக்கமும்தான்.

"மியூசியத்துல முதுகைக் காட்டிட்டு நிக்கற முதல் ஆள் இவர்தான். வீட்டுப்பாடம் எழுதாம வந்திருப்பாரோ?"

அண்ணி குனிந்து பார்த்தாள். அடியில் விரித்திருந்த நீல வெல்வெட் துணி பல வருட வெளிச்சத்தில் வெளுத்துப் போயிருந்தது. மண்டையோடு உட்கார்ந்திருந்த இடம் மட்டும் அசல் நீலத்தில். அந்த நீலத் தடத்தில் மூஞ்சி இருந்த பக்கம் கூடத்தை, வருகிறவர்களைப் பார்த்து நீண்டிருந்தது. மண்டையோட்டின் மூஞ்சியோ எதிர்ப்பக்கம், வெளுத்த துணிமேல் கிடந்தது.

"இத்தனை வருஷமா நம்மைப் பார்த்துட்டு இருந்தவரை இப்பத்தான் யாரோ திருப்பி வெச்சிருக்காங்க," என்றாள்.

"வெயில்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "முன்பக்கம் வெயில் பட்டுப் பல்லெல்லாம் கெட்டுப் போகுது. அதான் திருப்பினோம்."

மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிற கியூரேட்டர். கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை, வழித்த முகம், ஓய்வு பெறப்போகிற வயது. சாவிக் கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"துணி வெளுக்கற அளவுக்கு வருஷக்கணக்கா வெயில் பட்டிருக்கு. இப்பத்தான் தெரிஞ்சுதாங்க?" என்று கேட்டான் வாலு.

 அண்ணியின் கண் சுவரில் ஏறியது. அங்கே ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. துப்பாக்கியோடு ஒரு வேட்டைக்காரர். கடைசிச் சாம்பல் காட்டுமாட்டைச் சுட்டு மண்டையோட்டை இந்த மியூசியத்துக்குக் கொடுத்தவர் என்று அடியில் எழுதியிருந்தது. அகலமான நெற்றி, நடுவில் குழி விழுந்த தாடை. அண்ணி படத்தைப் பார்த்தாள். கியூரேட்டரின் தாடையைப் பார்த்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள்.

வாலுவும் பார்த்துவிட்டான். "இதுக்கு மிஷினே வேண்டாம் அண்ணி," என்று முணுமுணுத்தான். "அசல் அப்பா வழி."

"உங்க அப்பாவா?" என்று கேட்டாள் அண்ணி.

"ஆமா," என்றார் கியூரேட்டர். "அதுல என்ன?"

"பெட்டியைத் திறங்க."

"எதுக்கு?"

"இதைக் கொம்புல மாட்டிப் பார்க்கணும்."

கயிற்று வளையத்தைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த ரத்தம் எல்லாம் எங்கே போயிற்றோ!  பிறகு தானாகவே குனிந்து பூட்டைத் திறந்தார், மண்டையோட்டைத் தானாகவே திருப்பி வைத்தார். சத்தம் போடப் போகிறார், ஆளைக் கூப்பிடப் போகிறார் என்று எதிர்பார்த்த வாலுவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அண்ணி வளையத்தைக் கொம்பின் நுனியில் மாட்டி மெல்லக் கீழே தள்ளினாள். கொம்பு தடிக்கத் தடிக்க வளையம் இறுகி, அடிக்கொம்பில் போய் நின்றது. நின்ற இடத்தில் கொம்பைச் சுற்றி ஒரு பள்ளம், விரல் கனத்துக்கு, வழவழவென்று தேய்ந்து கிடந்தது. வளையம் அதற்குள் பொருந்தி உட்கார்ந்துகொண்டது. வார்னிஷ் பள்ளத்துக்குள்ளும் ஓடியிருந்தது. ஆகவே பள்ளம் வார்னிஷுக்கு மூத்தது.

"வளையம்னா கொம்புல எங்கயாவது நிக்கத்தான் செய்யும்," என்றார் கியூரேட்டர். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"நிக்கும். நிக்கற இடத்துல பள்ளம் எதுக்கு?" என்றாள் அண்ணி. "கொம்புல வருஷக்கணக்காக் கயிறு கட்டியிருந்தாத்தான் இப்படித் தேயும். காட்டுமாட்டைக் காட்டுல யாருங்க கட்டி வெச்சாங்க?"

"வண்டி மாடு!" என்றான் வாலு. "அடப்பாவி மனுஷா! ஊரே சீட்டு வாங்கிப் பார்த்தது ஒரு வண்டி மாட்டையா?"

கியூரேட்டர் பக்கத்திலிருந்த காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா சுட்டது உண்மையிலேயே சாம்பல் மாட்டைத்தான். அது அடிபட்டு ஓடிப்போயிடுச்சு. வெறுங்கையோட ஊர் திரும்ப அவருக்கு வெக்கமா இருந்திருக்கு. வழியில ஒரு செத்த வண்டி மாடு. சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட மட்டும் சொன்னார். அந்த வார்த்தையை வெச்சுக்கிட்டுத்தான் நான் இந்தக் கூடத்துல முப்பது வருஷம் நின்னேன்."

"டாக்டர் எப்படிக் கண்டுபிடிச்சார்?"

"பொடி எடுக்க வந்தப்போ பள்ளத்தைப் பார்த்துட்டார். மறுநாள் கயிறு கொண்டு வந்து கொம்பைச் சுத்தி முடிச்சுப் போட்டு, கழற்றி எங்கிட்ட நீட்டினார். 'சார், இது வண்டி மாடு. இதை வெச்சு நாங்க அளந்ததெல்லாம் தப்பு'ன்னார். கத்தல, திட்டல. அப்பாவை விட்டுக் குடுக்க எனக்கு மனசு வரல." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சும்மா வாயால சொல்லாதீங்க, பட்டி மாடு கலப்பில்லேன்னு அம்மா வழி மட்டும் போதாது, அப்பா வழியும் காட்டுங்க, அதுக்கப்புறம் நானே எழுதிக் குடுக்கறேன்னு சொன்னேன். அப்பா வழி வேணும்னா காளை ரத்தம் வேணும். அது எனக்குத் தெரியும். நாலு நாள் இழுத்தடிக்கலாம்னுதான் கேட்டேன். அவர் அன்னைக்கே பட்டிக்குப் போயிட்டார்."

 எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் அனுப்பிச்சேன்," என்றார் கியூரேட்டர். "அவர் செத்துட்டார்னு கேள்விப்பட்டதும் நான் செஞ்ச முதல் காரியம் என்ன தெரியுமா? இங்க வந்து இதைத் திருப்பி வெச்சேன்."

வாலுவின் கை முஷ்டியாக மடங்கியிருந்தது. அண்ணி தனக்கும் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பல்லால் அழுத்திப் பார்த்தாள். அழுத்துகிறோம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். போனை எடுத்து ஆய்வகத்துக்குப் போட்டாள்.

"டாக்டரம்மா, உங்க திரையிலேருந்து அந்த மண்டையோட்டைத் தூக்கிடுங்க. அது வண்டி மாடு."

மறுமுனையில் ஸ்டூல் நகர்கிற சத்தம்.

"பண்ணை மாட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்குன்னு சொன்னீங்களே, அது பங்காளி இல்ல, பண்ணை மாடேதான்," என்றாள் அண்ணி. "குடும்ப போட்டோவுல யாரோ வழிப்போக்கனை நடு நாற்காலியில உக்கார வெச்சுட்டு, அவன் ஜாடை உங்களுக்கு ஏன் இல்லேன்னு வீட்டுக்காரங்களைக் கேட்டுட்டு இருந்திருக்கோம். அவனை எழுப்பி விட்டுட்டுப் பாருங்க. பட்டி மாடு என்ன சொல்லுது?"

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

"தனியா நிக்குது," என்றாள் அந்தப் பெண்.  "அம்மா வழி பண்ணை மாட்டோட சேரல. செங்காட்டுமாட்டோடவும் சேரல. குத்துப்படறதுக்கு முன்னாடி சார் கடைசியா எடுத்த காளை ரத்தம், அப்பா வழி... அதுவும் எதோடவும் சேரல. கலப்பா இருந்தா ஒரு பக்கமாவது பண்ணைக்குப் போயிருக்கணும். போகல. ஐயோ, இது என் கண்ணு முன்னாடியே இருந்துது! இது தனிக் குடும்பம். இதுதான் சாம்பல் மாடு. சார் சொன்னது அத்தனையும் சரி."

அவள் அழ ஆரம்பித்தாள். அண்ணி அந்த அழுகையை, பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தத்தைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பட்டி அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி அறிக்கையைத் திரும்ப வாங்கிட்டா லாரி நின்னுடும்," என்றாள் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஆனா... சாரைக் குத்தின காளையும் பிழைச்சுக்கும். பிழைக்கறதென்ன, இனிமே அதுக்கு ராஜ மரியாதைதான். டீச்சர்கிட்ட இதை யார் சொல்றது? அவங்க வேண்டாம்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நான் சொல்றேன். போனைக் கையிலயே வெச்சுக்கோங்க."

காரில் வாலு பொரிந்து தள்ளினான். "இதுல கேக்க என்ன இருக்கு அண்ணி? உலகத்துலயே ஒன்பதுதான் இருக்கு! அவங்க வேண்டாம்னா விட்டுடுவோமா?"

"நாம வேலை செய்யறது அவங்களுக்கு," என்றாள் அண்ணி. அதற்குமேல் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது.

பட்டியில் லாரி பின்பக்கமாகத் திரும்பி நின்றிருந்தது. பலகை சாய்த்திருந்தார்கள். மற்ற மாடுகளை எல்லாம் ஏற்றிவிட்டார்கள், காளை ஒன்றுதான் பாக்கி. அது இரும்பு வேலிக்குள் சாம்பல் பாறை மாதிரி நின்றுகொண்டு அசைவேனா என்றது. இரண்டு ஆட்கள் நீளக் கம்போடு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் வேலிக்கு இந்தப் பக்கம், காலையில் கட்டியிருந்த அதே புடவையில், மடிப்புக் கலையாமல் நின்றிருந்தாள்.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். வண்டி மாட்டை, வேட்டைக்கார அப்பாவை, கியூரேட்டர் கேட்ட காளை ரத்தத்தை, எதையும் மறைக்கவில்லை. கடைசியில், "உங்க வீட்டுக்காரர் சொன்னது சரி. அவர் பண்ணை மாட்டுக்காகச் சாகல," என்றாள்.

"சரி," என்றாள் டீச்சர்.

"இதை வெளிய சொன்னா இந்தக் காளை சாகாது. சொல்லலேன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல ஏத்திடுவாங்க. நீங்கதான் சொல்லணும்."

டீச்சர் காளையைப் பார்த்தாள். காளை அவளைப் பார்க்கவில்லை. பார்க்க அதற்கு என்ன அவசியம்! வாலால் ஒரு ஈயை விரட்டியது. கம்போடு ஒருவன் நெருங்கவும் தலையைத் தாழ்த்தி ஓர் உறுமல் உறுமியது, அவன் துள்ளிப் பின்வாங்கினான்.

"உங்க ஆபீஸ்லேருந்து வந்ததுலேருந்து இங்கயே நிக்கறேன்," என்றாள் டீச்சர். "இதைப் பார்த்தா ஆத்திரம் வரும், வெறுப்பு வரும்னு பார்த்தேன். ஒண்ணும் வரல. உங்களுக்குப் புரியுமான்னு தெரியல."

"புரியும்," என்றாள் அண்ணி.

"இதுக்கு அவர் யாருன்னு தெரியாது. யாரோ ஒருத்தன் ஊசியோட வந்தான், குத்திடுச்சு. ஆனா இது யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அவர் ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு." வேலியிலிருந்து அண்ணி பக்கம் திரும்பினாள். "இதையும் வெட்டிட்டா அவருக்குத் தெரிஞ்சதும் போயிடும். போனைப் போடுங்க. லாரியை நிறுத்தச் சொல்லுங்க."

அண்ணி போனை எடுத்தாள். பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் பட்டி அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். பலகையை எடு, மாட்டை இறக்கு என்று ஒரே கூச்சல். ஒவ்வொன்றாக இறங்கி வந்து காளையைச் சுற்றி நின்றுகொண்டன. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். அண்ணி கயிற்று வளையத்தை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்த ஆபீஸ்ல தொங்குதே கோட்டு, அது உங்க வீட்டுக்காரரோடதா?"

அண்ணி தலையசைத்தாள்.

"பாக்கெட்ல என்ன இருந்துது?"

 கண்டவர்களின் பாக்கெட்டை எல்லாம் துழாவிப் பிழைக்கிற அண்ணி, ஆறு மாதமாகக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற ஒரு கோட்டில் மட்டும் கைவிட்டுப் பார்க்கவில்லை.

"பாருங்க," என்றாள் டீச்சர்.

அங்கிருந்து நேராக ஆபீசுக்குத் திரும்பினார்கள். அண்ணி சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டபோதுகூட முதலாளியம்மா ஜோக்கு வரவில்லை. சலவைக் கடையில் கடைசிச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மாடி ஏறி, விளக்கைப் போட்டு, அண்ணி நேராகக் கதவுக்குப் பின்னால் போனாள்.

"அண்ணி, நான் வேணா வெளிய..."

"இரு."

இடது பாக்கெட்டில் கையை விட்டாள். வலது பாக்கெட்டில் விட்டாள். உள் பாக்கெட்டையும் பார்த்தாள். ஒரு துண்டுக் காகிதம் இல்லை, சில்லறை இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. துணி மட்டும் கீழேயிருந்து ஏறி வந்த நீராவியில் வெதுவெதுவென்று, இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டியதுபோல் இருந்தது.

"என்ன இருக்கு?" என்று கேட்டான் வாலு.

"ஒண்ணுமில்லடா," என்றாள் அண்ணி. அதைச் சொல்லும்போதுதான் மியூசியத்தில் கடித்த கன்னம் சுரீரென்று வலித்தது. கோட்டை ஆணியிலிருந்து எடுக்காமலே அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கீழே தேய்க்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு அழுதாள்.